பிரசவம் முடிந்து வீடு போனவளை எந்தப் போன் எட்டும்?

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு சிறிய மருத்துவமனையின் பிரசவ வார்டில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாதத்துக்கு ஏறக்குறைய 60 பிரசவங்கள். கடந்த தை மாதம் எங்கள் நிர்வாகம் என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தது. வீட்டுக்கு அனுப்பிய தாய்மார்களைப் போன் மூலம் தொடர்ந்து கவனிக்க ஓர் ஏற்பாடு வேண்டும். பணமும் குறைவு, ஆளும் குறைவு. எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். குறுஞ்செய்தியா, பதிவுசெய்த குரலா, செவிலியரே அழைப்பதா, உதவி எண்ணா, செயலியா? நான்கு மாதம் படித்தும் கேட்டும் சிலவற்றைச் செய்து பார்த்தும் ஒரு முடிவுக்கு வந்தேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்ற மருத்துவமனைகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஒப்பிடும் முன் உடம்பின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் போனைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பிரசவத்துக்குப் பின் ரத்த அழுத்தம் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 6ஆம் நாளுக்குள். நிறைமாதக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கூடுவதும் 3ஆம், 4ஆம், 5ஆம் நாட்களில். சீம்பால் மாறி மார்பு நிறைந்து கட்டிக்கொள்வதும் அதே நாட்களில். காரணம் தெரியாமல் கண்ணீர் வருவதும் அப்போதுதான். ஆக, நாங்கள் கையசைத்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய மறுநாள்தான் உடம்பு தன் கடினமான வாரத்தைத் தொடங்குகிறது. அந்த வாரத்தில் அவளைச் சுற்றி இருப்பவர்கள் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அன்பானவர்கள்தான். ஆனால் பிள்ளை பெற்ற உடம்பென்றால் வலி இருக்கத்தான் செய்யும் என்று நம்புகிறவர்கள்.

உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை ஒட்டியே நாள் குறிக்கிறது. பிரசவத்துக்குப் பின் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அதன் பின் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை, 7 முதல் 14 நாளுக்குள் ஒருமுறை, 6ஆம் வாரத்தில் ஒருமுறை என மூன்று முறையாவது தாயையும் சேயையும் பார்க்க வேண்டும். இந்தப் பரிசோதனைகளுக்குப் போன் மாற்றாகாது. வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் குழந்தையை எடை போடவும் போனால் முடியாது. இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே இருக்கும் இருட்டில் ஒரு விளக்கு வைக்க முடியும், அவ்வளவுதான். நம் மாநிலத்தில் அந்த விளக்குக்குத் தேவை அதிகம். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன, 44.9 விழுக்காடு சிசேரியன். அதாவது, வீடு திரும்பும் தாய்மார்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வயிற்றில் தையலோடு திரும்புகிறார்கள்.

இனி, போன் யாருடையது?

எங்கள் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, முந்தைய மாதம் பிரசவமானவர்களின் எண்களுக்கு வரிசையாக அழைத்துப் பார்த்தேன். முதல் அழைப்பை எடுத்தது ஓர் ஆண் குரல். பின்னால் கான்கிரீட் கலவை இயந்திரத்தின் இரைச்சல். “அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள் சிஸ்டர். நான் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறேன். ராத்திரி பேசும்போது சொல்லிவிடுகிறேன்” என்றார். இரண்டாவது எண் மாமனாருடையது. மூன்றாவதை எடுத்தவர் கணவரின் தம்பி. அண்ணிக்குக் குழந்தை பிறந்த தேதியே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அன்று அழைத்த 20 எண்களில் தாயின் குரலைக் கேட்க முடிந்தது 6 எண்களில் மட்டுமே.

நாடு முழுவதும் இதுதான் நிலை. அதே கணக்கெடுப்பில், தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருக்கிறது என்று சொன்ன பெண்கள் இந்தியா முழுவதுமாக 54 விழுக்காடுதான். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து போனால், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்புவாள். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணோடு அவள் பெயர் பதிவானது கணவன் ஊரில். அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியருக்கு அவளை நன்றாகத் தெரியும். அவள் படுத்திருப்பதோ 40 கிலோமீட்டர் தள்ளி, வேறொரு துணை சுகாதார நிலையத்தின் எல்லையில். தகவல் போய்ச் சேர்வதற்குள் முதல் வாரம் முடிந்துவிடுகிறது.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போது, “அடுத்த 40 நாள் எந்த ஊரில், எந்த வீட்டில் இருப்பீர்கள்? அந்த வீட்டில் பகல் நேரத்தில் யார் கையில் போன் இருக்கும்?” என்று கேட்டு இரண்டு எண்கள் வாங்க வேண்டும். அங்கேயே ஒருமுறை அழைத்து, எங்கள் எண்ணை அவர்கள் போனில் “ஆஸ்பத்திரி” என்று சேமித்துக் கொடுக்க வேண்டும். தெரியாத எண் என்றால் கடன் கொடுப்பவர்கள் தொந்தரவு என்று எடுக்கவே மாட்டார்கள். ஐந்து நிமிட வேலை. இதைத் தொடங்கிய மாதத்திலிருந்து, அழைத்தால் தாயோ அவள் பக்கத்தில் இருப்பவரோ எடுப்பது பல மடங்கு கூடியிருக்கிறது.

இப்போது வழிகளுக்கு வருகிறேன்.

செலவு குறைந்தது குறுஞ்செய்தி. உலகம் அதிகம் பேசும் முன்மாதிரி தென்னாப்பிரிக்காவின் மாம்கனெக்ட். 2014 ஆகஸ்டில் அந்நாட்டுச் சுகாதாரத் துறை தொடங்கியது. கர்ப்பிணிகள் அரசு கிளினிக்கிலேயே பதிந்துகொள்வார்கள். கர்ப்பத்தின் வாரத்துக்கும் பின்னர் குழந்தையின் வயதுக்கும் ஏற்றபடி, நாட்டின் ஆட்சிமொழிகளில் அவர்கள் விரும்பும் மொழியில் செய்தி போகும். 2017இல் வாட்ஸ்அப்பையும் சேர்த்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது செய்தி அனுப்புவது அல்ல. திருப்பிக் கேள்வி கேட்கலாம், கிளினிக்கில் மோசமாக நடத்தினார்கள் என்றால் புகார் சொல்லலாம், பாராட்டவும் செய்யலாம். பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். கேட்க ஒரு காது இருப்பதால்தான் பெண்கள் அதை நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

கென்யாவின் நைரோபியில் 300 பெண்களிடம் ஒரு சோதனை நடத்தி 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குச் செய்தி மட்டும். இன்னொரு பிரிவுக்குச் செய்தியும் அதற்குப் பதில் எழுதினால் செவிலியரின் மறுமொழியும். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில், செய்தி பெற்றவர்கள் எதுவும் பெறாதவர்களைவிட முன்னே இருந்தார்கள். ஆக, எழுத்து வேலை செய்யாது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் அது எந்த இடத்தில் தடுக்குகிறது என்பதே கேள்வி. படிக்கத் தெரிந்தவளுக்கும் போன் கணவனிடம் இருக்கிறது. சந்தா விளம்பரம், ரீசார்ஜ் நினைவூட்டல், வங்கிச் செய்தி ஆகியவற்றுக்கு நடுவே நம் செய்தி புதைந்துவிடுகிறது. காப்பர் டி பற்றிய செய்தி மைத்துனன் கையிலிருக்கும் திரையில் ஒளிர்ந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன சங்கடம் என்பதை அனுப்புகிறவர் யோசிப்பதில்லை. உலக சுகாதார அமைப்பு 2019இல் இத்தகைய செய்திகளைப் பரிந்துரைத்தபோதே, பிறர் அறியக் கூடாத தகவல்களையும் தனியுரிமையையும் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பரிந்துரைத்தது.

குறுஞ்செய்தி நன்றாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. அது தேதி சொல்வது. 45ஆம் நாள் தடுப்பூசி, தையல் பார்க்க வர வேண்டிய நாள், பேறுகால உதவித்தொகைக்குக் கொண்டுவர வேண்டிய தாள்கள். யார் படித்தாலும் கெடுதல் இல்லாத, யார் படித்தாலும் வீட்டில் சொல்லிவிடக்கூடிய செய்திகள் இவை. அதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் தானாகவே போகும் செய்திகளை ஏற்பாடு செய்திருந்தார்கள். 9ஆம் நாள் குழந்தையை இழந்த ஒரு தாய்க்கு, “உங்கள் செல்லக் குழந்தைக்கு இன்று 45 நாள். தடுப்பூசி போட்டுவிட்டீர்களா?” என்று செய்தி போனது. அந்தப் பெண்ணின் அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். சண்டை போடவில்லை. திரையை எங்கள் முன் நீட்டி, “இதை நிறுத்துவது எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார். யாருக்கும் தெரியவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து இன்னொரு செய்தியும் போனது. எந்த ஏற்பாட்டை வாங்கினாலும் விற்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இப்போது இதுதான்: குழந்தை இறந்துவிட்டால் செய்தியை யார், எத்தனை நிமிடத்தில் நிறுத்துவார்கள்? மாம்கனெக்டில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். செய்தி வேண்டாம் என்று விலகும் பெண்ணிடம் காரணம் கேட்டு, குழந்தையை இழந்தவள் என்றால் அவள் விரும்பினால் அவளுக்கான ஆறுதல் செய்திகளுக்கு மாற்றுகிறார்கள்.

அடுத்தது பதிவுசெய்த குரல். எழுத்துப் படிக்காதவர்களுக்கும் எட்டும் என்பது இதன் பலம். நம் நாட்டின் கில்காரி திட்டம் இவ்வகையில் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று. பிபிசி மீடியா ஆக்‌ஷன் 2013இல் பிஹாரில் தொடங்கியது. 2016 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் அதை ஏற்று மற்ற மாநிலங்களுக்கு விரித்தது. 2019 முதல் மும்பையைச் சேர்ந்த ஆர்மான் அமைப்பு அதை நடத்துகிறது. கர்ப்பத்தின் 4ஆம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது முடியும்வரை வாரம் ஓர் அழைப்பாக 72 அழைப்புகள். டாக்டர் அனிதா என்ற கற்பனைப் பாத்திரம் பேசுகிறது.

மத்தியப் பிரதேசத்தில் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பின் கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவதில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது போன்ற பழக்கங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. மார்பு கட்டிக்கொண்டு கல்லாக இருக்கும்போது, குழந்தை காம்பைப் பற்றாமல் கதறும்போது, தாய்ப்பாலின் மேன்மையைப் பற்றிய ஒரு நிமிடக் குரல் என்ன செய்யும்? “எந்தப் பக்கம் வலிக்கிறது? குழந்தையின் வாய் கருவட்டத்தை மூடுகிறதா, காம்பு நுனியை மட்டும் கவ்வுகிறதா?” என்று அந்தக் குரல் கேட்காது. லட்சக்கணக்கான பெண்களுக்குக் குறைந்த செலவில் ஒரு செய்தியைக் கொண்டுசேர்க்க வேண்டிய அரசுக்கு அது நல்ல கருவி. மாதம் 60 பிரசவம் பார்க்கும் எங்களுக்கு அல்ல.

அதில் ஒரு யுக்தியை மட்டும் எடுத்துக்கொண்டேன். எங்கள் டாக்டரம்மாவின் குரலிலேயே, இந்தப் பக்கத்துப் பேச்சிலேயே, இரண்டு நிமிடப் பதிவுகள் நான்கு செய்து வைத்திருக்கிறோம். சேனை வைக்காதீர்கள், குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் வேண்டாம், தாயைத் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க விடுங்கள், தொப்புளில் எதையும் தடவாதீர்கள் என்பவை. இவற்றைத் தாய்க்காகச் செய்யவில்லை, பாட்டிக்காகச் செய்தோம். பத்தியம் எது, எப்போது குளிப்பாட்டுவது, பூண்டும் சுறாப்புட்டும் என்றைக்கு என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர் அவர்தான். வார்டில் மருமகளிடமும் மகளிடமும் நாம் என்ன சொன்னாலும், வீட்டில் நடப்பது அவர் சொல். ஸ்பீக்கரில் போட்டு டாக்டரம்மாவே பேசினால் அவர் காது கொடுத்துக் கேட்கிறார்.

உதவி எண்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆம்புலன்சுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல உதவிக்கு 14416. மூன்றையும் தாய் சேய் அட்டையின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுகிறோம். நள்ளிரவு 2 மணிக்கு இவற்றை விட்டால் வேறு கதி இல்லை. ஆனால் ஆபத்து என்று உணர்ந்தவர்தான் அழைப்பார். எங்கள் பிரச்சினையே அந்த உணர்வு வருவதற்கு முந்தைய மணிநேரங்கள்தான். அதை முழு ஏற்பாடாகக் கொள்ள முடியாது.

தாய்மார்களுக்கான செயலிகள் நகரத்தில், சொந்த ஸ்மார்ட்போனும் ஓய்வும் உள்ளவர்களுக்குப் பொருந்தும். சுகாதாரப் பணியாளர் கையில் கொடுக்கும் செயலி வேறு வகை. குஜராத்தின் ஜகடியாவில் சேவா ரூரல் அமைப்பு ஆஷா பணியாளர்களுக்காகச் செய்ததைப் போல, இன்று எந்த வீட்டுக்குப் போக வேண்டும், எந்தக் குழந்தை எடை குறைவு என்று நினைவூட்டுவது. வீட்டுக்கு வீடு போக ஆட்கள் இருக்கும் அமைப்புக்கு அதுவே சிறந்தது. எங்களிடம் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை.

வீடியோ அழைப்பைச் சில முறை முயன்றோம். தையல் வாயைப் பார்க்க உதவியது. மஞ்சள் காமாலையைக் கேமராவில் பார்த்து முடிவு செய்யக் கூடாது; மண் வீட்டின் மங்கலான வெளிச்சத்தில் எல்லாக் குழந்தையும் மஞ்சளாகத் தெரியும், உண்மையிலேயே மஞ்சளான குழந்தை சாதாரணமாகவும் தெரியலாம். பால் கொடுப்பதைப் பார்த்துத் திருத்த வீடியோ நல்ல வழிதான். ஆனால் அறையில் வேறு யார் இருக்கிறார்கள், அந்தப் பெண் மனதார ஒப்புகிறாளா என்று கேட்காமல் அதைத் தொடங்கவே கூடாது. மலை மேல் இருக்கும் ஊர்களில் வீடியோவுக்குச் சிக்னலே எட்டுவதில்லை. குரல் எட்டினாலே பெரிது.

மீதமிருப்பது, குறித்த நாளில் செவிலியரே அழைப்பது. நான் சாய்வது இதன் பக்கம். ஏன் என்று ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம், சுகப்பிரசவம். கடைசி மாதத்தில் ரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருந்தது. பிரசவம் முடிந்து இறங்கிவிட்டது. 3ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். 5ஆம் நாள் காலை அழைத்தேன். அவளுடைய அம்மா எடுத்தார்.

“எப்படியம்மா இருக்கிறாள்?”

“நன்றாக இருக்கிறாள் சிஸ்டர். கொஞ்சம் தலைவலி. பச்சை உடம்பு இல்லையா? சுக்கு உரசிப் பற்றுப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன்.”

“போனை அவளிடம் கொடுங்கள் அம்மா, ஒரு நிமிடம்.”

அவள் குரல் தூக்கத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. தலைவலி எப்போதிலிருந்து என்று கேட்டேன். நேற்று மாலையிலிருந்து, மாத்திரைக்கும் கேட்கவில்லை என்றாள். கண் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “சுவரில் இருக்கும் காலண்டர் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது சிஸ்டர்” என்றாள்.

108ஐ நானே அழைத்து அந்த வீட்டின் அடையாளம் சொன்னேன். ஆம்புலன்சில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 170/110. வலிப்பு வருவதற்குள் மக்னீசியம் சல்பேட் ஊசி போட முடிந்தது. நான்கு நாள் கழித்து நடந்து வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டில் யாரும் அலட்சியம் செய்யவில்லை. அவள் அம்மா தனக்குத் தெரிந்த வைத்தியத்தை அக்கறையோடு செய்துகொண்டிருந்தார். பிரசவம் முடிந்த பின்னும் அந்த அழுத்தம் ஏறும், ஜன்னி வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எந்தக் குறுஞ்செய்தியும் காலண்டரைப் பற்றிய அந்தப் பதிலை வாங்கியிருக்காது. இத்தனைக்கும் நான் கேட்டது சிறிய கேள்வி. நாங்கள் கற்ற பாடமே இதில்தான் இருக்கிறது: “எல்லாம் நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறோம்” என்பதுதான் பதிலாக வரும். அது மரியாதைப் பதில். எண்ணிச் சொல்ல வேண்டிய கேள்வி கேட்க வேண்டும். இன்று காலையிலிருந்து எத்தனை நாப்கின் மாற்றினீர்கள்? ஒரு மணி நேரத்திலேயே முழுதாக நனைகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? வாடை வருகிறதா? குளிர் நடுக்கம் வந்ததா? இரண்டு கெண்டைக் காலும் ஒரே அளவாக இருக்கிறதா, ஒன்று மட்டும் வீங்கி வலிக்கிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? குழந்தை நேற்றிலிருந்து எத்தனை முறை சிறுநீர் போனது? பாலுக்குத் தானே அழுகிறதா, எழுப்ப எழுப்பத் தூங்குகிறதா? உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாக இருக்கிறதா? குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, நான் சொல்லும்வரை மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60க்கு மேல் போனால் உடனே புறப்பட்டு வாருங்கள்.

மனதைப் பற்றிய கேள்விக்கும் மனிதக் குரலே வேண்டும். வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 விழுக்காடு. எங்கள் மாவட்டமும் அதே மண்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்களிடம் பிரசவமாகும் 60 பேரில் மாதம் ஆறேழு பேர் இருப்பார்கள். இந்த மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விகள் 1987 முதல் புழக்கத்தில் இருக்கின்றன, தமிழிலும் உண்டு. இதை லிங்க் ஆக அனுப்பி நிரப்பச் சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் மறுத்துவிட்டேன். கடைசிக் கேள்வி தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு “ஆம்” என்று ஒரு பெண் நிரப்பிவிட்டு, மறுமுனையில் யாரும் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. 28ஆம் நாளும் 42ஆம் நாளும் நாங்களே கேட்கிறோம். முதலில், “பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்” என்கிறோம். பெண் குழந்தை பிறந்ததற்காக மூன்று வாரமாகக் கணவன் வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதை, ஆம் இல்லை என்ற இரண்டே சொற்களில் ஒருத்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

செலவைப் பார்ப்போம். ஒரு தாய்க்கு ஐந்து அழைப்புகள்: வீடு போன மறுநாள், பிறகு பிரசவ நாளிலிருந்து எண்ணி 7, 14, 28, 42ஆம் நாட்கள். சிசேரியன் ஆனவர்கள் வீடு திரும்பவே ஒரு வாரம் ஆகலாம் என்பதால் அவர்களுக்கு 7ஆம் நாள் அழைப்பை 10ஆம் நாளுக்குத் தள்ளுகிறோம். 60 பேருக்கு 300 அழைப்புகள், நாளொன்றுக்கு 10. பேசி, எழுதி முடிக்க அழைப்புக்கு 8 நிமிடம் என்றால் 80 நிமிடம். எடுக்காதவர்களுக்கு மறுபடி அழைக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு செவிலியரின் இரண்டு மணி நேரம். போன் கட்டணம் ஒரு சாதாரண மாதாந்திர ரீசார்ஜ். செலவெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது. அதை வார்டு வேலைக்கு நடுவே திருடிக் கொடுத்தால் ஏற்பாடு இரண்டு மாதத்தில் படுத்துவிடும். தனியாக ஒதுக்க வேண்டும். மாதம் 600 பிரசவம் நடக்கும் இடத்தில் இதே கணக்கு நாளுக்கு 20 மணி நேரமாகும். அங்கே நான் சொல்வது வேறு: முதல் இரண்டு அழைப்புகளை எல்லோருக்கும் செவிலியர் செய்யட்டும், மற்றவற்றைப் பதிவுக் குரலுக்கு விட்டு, மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பி அழைக்கும் வசதி வைக்கட்டும். மிஸ்டு காலுக்குக் காசு இல்லை. போனில் பணம் இல்லாத பெண்ணுக்கும் அது கைகொடுக்கும்.

ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மட்டும் இன்னொன்றைச் சேர்த்திருக்கிறோம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் செய்து 2018இல் வெளியிட்ட சோதனை அதற்கு வழிகாட்டியது. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் இருந்த 206 பெண்களில் பாதிப்பேரை வழக்கம்போல் மருத்துவமனைக்கு வந்து காட்டச் சொன்னார்கள். மீதிப்பேருக்கு வீட்டுக்குக் கருவி கொடுத்து, அளவைக் குறுஞ்செய்தியில் அனுப்பச் சொன்னார்கள். பிரசவம் முடிந்த 10 நாளுக்குள் ரத்த அழுத்த அளவு கிடைத்தது, வரச் சொன்னவர்களில் 43.7 விழுக்காட்டினரிடமிருந்து, செய்தி அனுப்பியவர்களில் 92.2 விழுக்காட்டினரிடமிருந்து. பச்சைக் குழந்தையோடு பஸ் ஏறி வருவது அங்கும் எளிதல்ல, இங்கும் எளிதல்ல. நாங்கள் ஆறு டிஜிட்டல் கருவிகள் வாங்கினோம். வார்டிலேயே கைப்பட்டையைச் சுற்றக் கற்றுக்கொடுத்து, 10 நாளுக்கு இரவல் தருகிறோம். காலையும் மாலையும் திரையில் வரும் இரண்டு எண்களைப் படித்துச் சொன்னால் போதும். பள்ளிக்கூடம் போகும் தங்கையோ தம்பியோ வீட்டில் இருந்தால் அந்த வேலையை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆறு கருவிகளும் இதுவரை பத்திரமாகத் திரும்பி வந்திருக்கின்றன.

செவிலியர் அழைப்பிலும் ஓட்டை உண்டு. யார் அழைக்கிறார்களோ அவருடைய தரம்தான் அழைப்பின் தரம். கோபமாகப் பேசும் ஒருவர், “ஏன் சேனை வைத்தீர்கள்?” என்று பாட்டியைத் திட்டிவிட்டால் அந்த வீடு அதன் பின் போனை எடுக்காது. எங்களிடம் அது ஒருமுறை நடந்தது. ஆகவே அழைக்கிறவரைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேள்வித் தாளை முன்னால் வைத்துக்கொண்டு பேசப் பழக்க வேண்டும். ஆபத்து அறிகுறி ஒன்று தெரிந்தால் எந்த மருத்துவரை உடனே எழுப்ப வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது கேட்காமல் இருப்பதைவிடக் கொடுமை. தாய்வீட்டுப் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியருக்கு முதல் நாளே தகவல் சொல்லிவிடுவதும் அந்த இரண்டு மணி நேர வேலையில் சேரும். நாம் சந்தேகப்படும் குழந்தையை அன்றே நேரில் போய்ப் பார்க்கக்கூடியவர் அவர்தான்.

நிர்வாகத்திடம் இவ்வளவையும் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஓர் இடத்தில் பேச்சு நின்றது: ஞாயிற்றுக்கிழமை. அழைக்கும் செவிலியருக்கு வார விடுமுறை, திங்கட்கிழமை சேர்த்து அழைத்துக்கொள்ளலாமே என்றார்கள். வெள்ளிக்கிழமை பிரசவமாகிச் சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் போகக் கேட்கிறவர்கள் எங்களிடம் நிறைய. அவர்களுக்கு ஞாயிறுதான் 3ஆம் நாள். பதிவேட்டைத் திறந்து, அந்த மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் 3, 4, 5ஆம் நாளில் இருந்த பெண்களின் பெயர்களைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் காட்டினேன். 19 பெயர்கள். இப்போது நாங்கள் நான்கு பேர் மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்று முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். ஐந்தாவது ஞாயிறு வந்தால் டாக்டரம்மா அழைக்கிறார். போன் வார்டு மேசையிலேயே சார்ஜரில் இருக்கிறது.